மீனுக்கு வெள்ளை ஒயின்

ஜனவரி 5, ஞாயிறு

வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரிந்த ஒரே ஒயின், சர்ச்சில் திருவிருந்தின்போது தரும் ஒரு வாய்தான். அதிலும் இன்று ஒன்றரை வாயாக இழுத்ததற்கு, போதகர் கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பின்னால் மொத்த வரிசையும் சிரிக்கிறது.

இந்த அனுபவத்தை நம்பித்தான் திருவள்ளூர் எபினேசரிடம், "ஒயினெல்லாம் எங்கிட்ட வுட்ருங்க சார்" என்று போனில் அளந்தேன். அவர் மகனுக்குத்தான் நம் மகள் ஏஞ்சலினைப் பேசுகிறோம். எபினேசர் சொகுசுக் கப்பலில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். அடுத்த ஞாயிறு சாப்பிட வருகிறார்கள்.

"மீன்னா வெள்ளை ஒயின்தாங்க. சிவப்பு வேணவே வேணாம்" என்றார். குரலில் அப்படியொரு கண்டிப்பு.

ஏஞ்சலினுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. இனி இதைக் கெடுப்பதென்றால் நான்தான் கெடுக்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

ஷிப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டியில் ஒயின் ஷாப்புக்குப் போனேன். பெயர்தான் ஒயின் ஷாப்.

"வெள்ளை ஒயினா? இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? வெள்ளைல வோட்கா கீது, ஜின்னு கீது."

"மீனுக்குப்பா" என்றேன். பின்னால் நின்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நைனா, சரக்குக்குத்தான் மீனு. மீனுக்கு எவனாச்சும் சரக்கு தேடிக்கினு வருவானா?"

ஜனவரி 11, சனி

ரயிலேறிச் சென்னைக்கே போனேன். மீனுக்கு லேசான புளிப்புள்ள ஒயின்தான் சேரும், எலுமிச்சை பிழிகிற மாதிரி என்றார் கடைக்காரர். குழம்பிலேயே புளி இருக்கிறதே என்றேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். லேபிளில் மீன் படம் போட்டதை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஐயோ.

நான் விருந்தாளிகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போன நேரத்தில் ஞானம்மா பாட்டிலைத் திறந்திருக்கிறாள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுகிற கை, சும்மா இருக்குமா? சர்க்கரையைக் கருக்கி ஊற்றி, கிராம்பும் தட்டிப் போட்டுவிட்டாள் என் மனைவி.

"தண்ணி மாரி கீது! உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க. கலரே இல்லாம குடுத்தா மானம் பூடாது? நான்தான் சரி பண்ணேன்."

வஞ்சிர வறுவல், இறால் தொக்கு, நடுவில் கன்னங்கரேலென்று அது. எபினேசர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவரையே பார்த்துக்கொண்டு அடுத்த கிளாஸில் ஊற்றியதில், வெள்ளை மேஜை விரிப்பில் வேறு கொட்டிவிட்டேன். மனுஷன் முகம் அப்படியே செத்துப்போச்சு. கிளாஸ அப்படியே கீழ வெச்சிட்டாரு. இன்னாத்துக்குடா உனக்கு இந்த பவுசு? ஏஞ்சலின் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?

ஜனவரி 13, திங்கள்

திருவள்ளூரிலிருந்து போன் இல்லை. ஏஞ்சலினும் பேசவில்லை. மிச்சத்தை ஞானம்மா குடித்துவிட்டாள். நன்றாக இருக்கிறதாம்.

ஜனவரி 18, சனி

எபினேசரின் மனைவி ஹெலன் போன் செய்தார். நிச்சயத்துக்குத் தேதி கேட்கிறார்கள்! ஏஞ்சலின் என்னிடம் மறுபடி பேசுகிறாள்.

அன்று எபினேசர் ஏன் அப்படி ஆகிவிட்டார், ஒயின் பிடிக்கவில்லையா என்று இழுத்து இழுத்துக் கேட்டேன்.

"அட, அத்த ஏன்ணா கேக்கறீங்க? அந்த மேஜத் துணிய ஊற வெச்சாங்களா இல்லியான்னு ஒரு வாரமா பொலம்பிக்கினு கீறாரு. கப்பல்ல அவருக்கு லாண்டரி வேலதான? ஒயின வாயில வெச்சதே கெடயாது. வெள்ளைன்னா கறை புடிக்காது, அதான் சொன்னாரு."