பீட்டர் சொன்ன 'ஹவ்'

ஜூலை 8, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கம்பெனி சிம்மை விட்டுப் போகிறவர்களைக் கூப்பிட்டு, தமிழில் பேசி நிறுத்திவைப்பதற்காகத்தான் என்னை ஹைதராபாத்துக்கு வரவழைத்துச் சம்பளம் தருகிறார்கள். இன்று இதே ஊரில், அல்வால் பகுதியில் பிறந்து வளர்ந்த பீட்டர் என்ற தமிழரிடம் போனில் காரணம் கேட்டேன்.

"போன வாரம் என் ஒய்ஃப் வண்டிலேர்ந்து விழுந்துட்டா மேடம். ரோட்ல உக்காந்து பதினோரு வாட்டி போன் பண்ணிருக்கா. வீட்டுக்குள்ள டவரே இல்ல. எனக்கு ஒண்ணுகூட வரல."

நான் பேச வேண்டியதைக் கம்பெனி எழுதிக்கொடுத்த தாளில் அடுத்த வரி, தள்ளுபடி பிளான். எழுதியவருக்கு மனைவி இல்லை போலும். எனக்கு அதைப் படிக்க வாய் வரவில்லை.

"அப்போ போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

"ஹவ்."

எப்படிப் போவது என்று இங்கிலீஷில் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற எஸ்எம்எஸ்ஸில் வந்த கோட் நாலு நாள்தான் செல்லும், அதற்குள் புதுக் கம்பெனி கடைக்குப் போக வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஹவ்னா இங்க ஆமான்னு அர்த்தம் மேடம். பரவால்ல, சொல்லுங்க. மூணு நாளா போன் பண்ணவங்க யாரும் இத சொல்லல."

மிச்சத்தையும் சொன்னேன். நாளையோடு கோட் காலாவதி, ஆதாரோடு காலையிலேயே போய்விடுங்கள் என்றேன்.

எல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்கும். நாளைக்கு சூப்பர்வைசர் அதைப் போட்டுக் காட்டி, "தெரிஞ்சேதான் போற வழிய சொன்னீங்களா?" என்பார். முதல் பாதியை மட்டும் காட்டி, ஹவ்வைக் கேள்வி என்று நினைத்துச் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்கலாம்.

ஹவ் என்றுதான் சொல்லப்போகிறேன்.