அக்காவின் வலைக்கு ஈயம்

நவம்பர் 2
விடாத தூறல். கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்குச் செவ்வந்தி மாலை, மெழுகுவத்தி. காற்றில் நிற்கவே இல்லை, பத்த வைக்கப் பத்த வைக்க அணைந்தது. லூர்து அக்கா அணைந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அறுபத்தாறு வயசு. சின்னப் பிள்ளை புத்தி இன்னும் போகவில்லை.
"எதுக்குக்கா?"
"ஈயம் உருக்கணும்டா. அப்பா வலை பரண்மேல இருக்குதுல்ல? ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவ நான் வீசணும்."
அடுத்த ஞாயிறு அவள் மகன் வந்து ஓசூருக்குக் கூட்டிப்போகிறான். இனி அங்கேதான். அவள் வீட்டைக் காலி பண்ணியாயிற்று, அதுவரை எங்கள் வீட்டில்.
அப்பா அவளை வலையைத் தொட விட்டதில்லை. வலை ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டுதானே வீசவேண்டும். "பொட்டப்புள்ள ஈயத்தக் கடிக்கக் கூடாது" என்பார். ஈயம் உருக்க மட்டும் அவள் வேண்டும்!

நவம்பர் 3
வாங்க: கரி, கெட்டி நூல், ரீட்டாவுக்கு மாத்திரை.
வலையை இறக்கினேன். நைலான் நன்றாகத்தான் இருக்கிறது. அடியில் கோத்த ஈயக்குண்டு பாதிக்குமேல் காணோம். பஞ்சர் கடையில் கார் சக்கரத்தில் பேலன்சுக்கு அடிக்கிற பழைய ஈயத்துண்டு ஒரு டப்பா கிடைத்தது. மெழுகு அடுப்போரம் காய்கிறது. என் வீட்டம்மா ரீட்டா: "என் வாணல்ல கை வச்சீங்க, நடக்கறதே வேற." துருப்பிடித்த வாணலி. அதுவும் கூடாதாம்.

நவம்பர் 4
மழை விட்டது. கொல்லையில் செங்கல் அடுப்பு, மேலே அதே வாணலி. ஈயப் புகை பிடிக்காமல் தள்ளி நிற்கச் சொல்லி ஓசூரிலிருந்து அக்கா மகன் போனில் பாடம்.
ஈயம் உருகி, மேலே சாம்பலாய் ஏடு கட்டியது. அக்கா மெழுகைக் கிள்ளிப் போட்டாள். புகை, குபுக்கென்று தீ. குச்சியால் கிண்டினாள். அழுக்கெல்லாம் கரியாய் மேலே வந்து நின்றது. கரண்டியால் வழித்துப் போட்டதும் அடியில் பளபளவென்று ஈயம்.
அந்த வாசனை! மாதா கோயிலும் கொல்லன் பட்டறையும் சேர்ந்த வாசனை. "பாரு, ஒன் மூஞ்சி தெரியுது, தலை சீவிக்க" என்பார் அப்பா அக்காவிடம். மூன்று பேரும் எட்டி நின்று பார்ப்போம். இப்போது இரண்டு பேர். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
"அழுவாதடா. தண்ணி சொட்டுனா வெடிக்கும்."
வெடித்தது. என் கண்ணீரால் இல்லை. பீங்கான் பொம்மை கம்பெனியில் பிளாஸ்டர் அச்சு போட்டே காலம் தள்ளியவன் நான். குண்டுக்கும் அதே பிளாஸ்டரில் நேற்று அச்சு போட்டேன், துளைக்கு நடுவில் சைக்கிள் ஸ்போக்கு. களிமண் கரைசலுக்கு அச்சு ஈரமாய் இருந்தாலும் பாதகமில்லை, இறுக நேரமாகும், அவ்வளவுதான். அதே நினைப்பில், காயாத அச்சில் ஈயத்தை ஊற்றிவிட்டேன். பட்டென்று தெறித்தது. லுங்கியில் ஓட்டை, காலில் கொப்புளம், அச்சு இரண்டு துண்டு.
அக்கா: "பீங்கான் புத்தி!"

நவம்பர் 7
புது அச்சு. பழைய கம்பெனியில் கெஞ்சி, சூளை மேலேயே போட்டுக் காயவைத்தது. இன்று ஊற்றினேன். சத்தமே இல்லை, அழகழகாய் விழுந்தது. மெழுகும் தீர்ந்தது. குண்டுகளை நூலில் கோத்தது அக்காவும் ரீட்டாவும். ரீட்டாதான்! வாணலிப் பேச்சே இல்லை.
நாளன்றைக்கு ஞாயிறு. அக்கா இல்லாத விருத்தாசலத்தை நான் பார்த்ததே இல்லை. பயமாக இருக்கிறது.

நவம்பர் 8
நல்ல வெயில். மணிமுத்தாற்றில் முழங்கால் தண்ணீர். சொல்லிக்கொடுக்கப் போனேன்.
"நீ சும்மா இரு. அப்பா வீசறத ஒன்னவிட நான்தான் பார்த்துக்கிட்டே நின்னேன்."
சேலையை வரிந்து கட்டினாள். வலையை மடித்துக் கையில் போட்டு, ஓரத்தைப் பல்லில் கடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்செட்டு!
"அக்கா, பல்லு..."
அதற்குள் வீசிவிட்டாள். வலை முழு வட்டமாய் விரிந்து விழுந்தது. அப்பாவுக்கே எப்போதாவதுதான் அப்படி விழும். பல்செட்டும் கூடவே போய் விழுந்தது.
இழுத்தோம். நாலு கெண்டை, சேறு. பல்லைக் காணோம். நான் துழாவத் துழாவ, அக்கா கரையில் உட்கார்ந்து பொக்கைவாயோடு சிரியோ சிரியென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.
"வுடுடா. நான்தான் போறேன். பல்லாவது இங்கியே கெடக்கட்டும்."

நவம்பர் 9
காலையிலேயே கார் வந்துவிட்டது. இட்லிக்கு நேற்றைய கெண்டைக் குழம்பு. அக்காவுக்குச் சாறு மட்டும்.
மகன்: "பல்லு எங்கம்மா?"
ரீட்டா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.
"போயிட்டு வரேன்டா தம்பி." அவ்வளவுதான் சொன்னாள். முந்தானை முடிச்சில் ஈயக்குண்டு ஒன்று.
வலையைப் பரணில் போட மனசு வரவில்லை. கொடியில் தொங்குகிறது.
சாயங்காலம் ஆற்றில் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்தேன். கிடைத்துவிடக் கூடாதே என்றிருந்தது.