ஆறு கொழுக்கட்டையும் ஒரு நடையும்

அன்புள்ள தவமலர்,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இனி வேலை முடிந்து நடந்தே வீடு வருவதென்று இங்கே தீர்மானம் நிறைவேறியது. அறையில் நான் ஒருவனே என்பதால் ஏகமனதாக. இரத்தத்தில் சீனி குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று தாதி சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை எனக்குப் புரட்டாசி விரதம். நான் வேலை செய்யும் கொரியக் கடையில் அன்றுதான் அவர்களுடைய அறுவடைப் பண்டிகை. முதலாளியின் தாயார் அரிசிமாப் பலகாரம் நீட்டினார்.

"அண்ணை, இது எங்கட கொழுக்கட்டைதானே, விரதத்துக்குப் பிழையில்லை" என்றான் கூட வேலை செய்யும் றஜீபன்.

உள்ளே எள்ளும் சீனியும், நீ அவிப்பது போலவே. ஆறு தின்றேன்.

பரிகாரமாக நடந்தேன். உன்னோடு கதைத்துக்கொண்டு நடந்தால் தூரம் தெரியாதென்று அழைத்தேன், நீ எடுக்கவில்லை. விம்பிள்டனில் வீட்டு வாசல் வந்தது. நீ திரும்ப அழைப்பாய் என்று அதைத் தாண்டி நடந்தேன். இன்னும் ஒரு மணி நேர நடை தள்ளியிருக்கும் ஸ்ட்ரெதம் வரை போய்விட்டேன்.

கோயிலுக்குப் போனாலும் போனைக் கையில் வைத்திரு. எடுத்தால் அரை மணி நேரத்துக்கு முன் வைக்காதே. ஷிப்டுக்கு நேரமாகிறது.

அன்புடன்,
இராசகுலம்

பி.கு: அன்று வீடு திரும்பிச் சோதித்துப் பார்த்தபோது, இந்த மாதத்தில் முதல் தடவையாகச் சீனி சரியாக இருந்தது.