கம்பளியும் மட்டக்கம்பும்

பெப்ரவரி 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கராஜ் வேலை போக மிச்ச நேரத்தில், ஒரு வருடமாகத் தன் கையால் கட்டிய ரேஸ் கார் இன்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றது. நாலு பேர் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. எனக்கு அதுதான் பயம்.

"கவுந்தா என்னங்க ஆகும்?" என்றேன்.

சீட்டுக்குப் பின்னால் வளைத்து வைத்திருந்த இரும்புக் குழாயைத் தட்டினார். "தலைக்கு மேல இது நிக்குதுல்ல? தாங்கிரும்."

எனக்கு மனசு ஆறவில்லை. ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னேன். கொழுந்தெடுக்கும்போது தேயிலைச் செடி மேல் வைத்து மட்டம் பார்க்கிற என் மட்டக்கம்பை எடுத்து, குழாயிலிருந்து காரின் மூக்குவரை சாய்த்து வைத்தேன். கம்பு குழாயில் படியவே இல்லை. ஹெல்மட்டில்தான் நின்றது; கவிழ்ந்தால் குழாய்க்கு முன்னால் தலைதான் தரையில் படும்.

"அளந்துதானே வச்சேன்" என்று முனகினார். பிறகு இறங்கி, சீட்டில் கிடந்த கம்பளியை இழுத்து என் கையில் கொடுத்தார். திட்டியிருக்கலாம். மறுபடி ஏறி உட்கார்ந்தார்; இப்போது கம்பு குழாயில் படிந்தது, ஹெல்மட் அதற்குக் கீழே இருந்தது.

நேற்று அதன்மேல் உட்கார்ந்துதான் டயகம வரைக்கும் ஓட்டிப் போய் வந்தார். வழியெல்லாம் வளைவு.

இரும்புச் சீட்டு, குளிருமே என்று அதை நாலாக மடித்துப் போட்டவள் நான்.