நம் வீடு ரூட்டில் இல்லையாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நம் தெருமுனையில் லாரியை இரண்டே நிமிடம் நிறுத்தினேன். மொட்டை மாடியில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உடனே மேனேஜர் போனில் பாய்ந்தார்.

"அங்க ஏன்யா நிக்கிற? ஜிபிஎஸ் காட்டுதே!"

"என் வீடு சார்."

"உன் வீடு ரூட்ல இல்லையே!"

கிடங்கு வாசலில் சரக்கு இறக்க என்னை ஏழு மணி நேரம் காக்க வைத்தபோது அந்த ஜிபிஎஸ்ஸுக்குக் கண் அவிந்துபோயிருந்ததா? வயிறு எரிகிறது அப்பா. ஒரே மாநிலத்துக்குள் ஓடியும் எட்டு மாதமாக வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அடுத்த வியாழன் மறுபடி அந்த வழியாக வருவேன். காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து வேகத்தடை அருகே அம்மாவோடு நில்லுங்கள். என் பழைய போர்வையும் வேண்டும். அங்கே எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போகும். எவனும் கேள்வி கேட்க முடியாது.

கிடங்கு கேட்டைத் திறந்துவிட்டார்கள், கிளம்புகிறேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பேன்.

உங்கள் மகன்