கழுவிய கேனும் புது மருந்தும்

அம்பிட்டிய

அன்புள்ள சஞ்சீவனிக்கு,

இங்கே மழை விட்டும் விடாமலும் இருக்கிறது, நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதுவதே அதிகம்தான், மன்னித்துக்கொள். அப்பாவை இரண்டாந்தாரமாகக் கட்டியவள் என்பதைத் தவிர எனக்கு உன்னிடம் வேறு உரிமை இல்லை, உன்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள், வந்த நாளிலிருந்து நீ என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாய், அதில் எனக்குக் கோபமும் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பேன், ஆனால் உன் செய்தி வந்திருக்கிறதா என்று அப்பா என் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். வாயால் சொல்லவும் எனக்கு வராது. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் முதல் பட்டதாரி என்று பெயர், நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் இன்றைக்கும் கை வேர்க்கிறது.

விஷயம் இதுதான். அப்பா கை நடுக்கத்துக்குக் கொடுக்கிற கிளினிக் குளிசைகளை நிறுத்திவிட்டார். நான் கொடுப்பதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்துக் காட்டிவிட்டு, பின்பக்கம் போய் மிளகாய்ச் செடிச் சட்டியில் துப்பியிருக்கிறார். மண் கிளறும்போதுதான் கண்டேன். இப்போது சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கோப்பையில் பாதிதான் தேநீர் ஊற்றுகிறேன், அதிலும் பாதி உடுத்திய சாரத்தில் கொட்டுகிறது. போன கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் எடுபடாமல் அப்படியே சரிந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. இந்தக் குளிசையை ஒரேயடியாக விட்டால் உடம்பு மரம் மாதிரி இறுகி உயிருக்கே மோசமாகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

ஏன் நிறுத்தினார் என்று கேட்டால் நீ வருத்தப்படுவாய். நீ படிக்கப் புறப்பட்ட அன்று விமானநிலையத்தில் அவர் அழுதபோது நீ அவர் கையைப் பிடித்து, "இருங்கப்பா, ஒங்களுக்கு மருந்தோட வர்றேன்" என்றாய். அவரைத் தேற்றச் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் அத்தனை வருஷம் முதுகில் கேனைச் சுமந்து செடிக்கு மருந்தடித்த மனுஷன், அந்த மருந்துதான் தன் கையை இப்படி ஆக்கியது என்று நம்புகிறார் (அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்கிறார் டொக்டர்). அதற்கு மாற்று மருந்து தன் மகள் செய்கிறாள், பெயரே சஞ்சீவனி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். குளிசையைக் கொண்டுபோனால், "பழைய மருந்து அடிச்ச கேன கழுவாம புது மருந்த ஊத்தினா ரெண்டும் திரிஞ்சு போகும், எம்மக வர்றதுக்குள்ள நான் ஒடம்ப கழுவி வச்சிருக்கணும்" என்கிறார். அவர் தொழிலில் அது சரியான பேச்சு.

உன் ஆராய்ச்சியை விளக்கி நீ அனுப்பிய சுவரொட்டிப் படத்தைக் கண்டி டவுனில் பெரிதாக அடித்து, லேமினேட் பண்ணி, அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பச்சையாக ஒளிர்கிற உயிரணுக்களைத் தொட்டுக் காட்டி, இந்தப் பச்சைதான் மருந்து என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். நான் கலைப்பட்டம், அதுவும் வீட்டிலிருந்தே படித்த வெளிவாரி, இருந்தாலும் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். நீங்கள் செய்யும் அந்தச் சின்ன மூலக்கூறு ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு அது எங்கே இருக்கிறது என்று வெளிச்சம் காட்டும், அவ்வளவுதான், எதையும் குணப்படுத்தாது என்று விளங்கியது. உனக்கு அதில் குறைவு ஒன்றும் இல்லை, எனக்குப் பெருமைதான். ஆனால் அவர் அந்தப் படத்தைக் கிளினிக்குக்கும் கொண்டுபோனார். டொக்டர் பார்த்துவிட்டு, இது டை, மகள் அங்கே சாயம் போடப் படிக்கிறாளா என்று கேட்டார், வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, அந்த ஆளுக்கு எரிச்சல் என்றார். நான் மெதுவாக, டொக்டர் சொன்னது உண்மைதான் என்றேன். "ஒனக்கும் எரிச்சல்தான், எம்மக மருந்து வந்துட்டா ஒனக்கு இந்த வீட்டுல என்ன வேல இருக்கு" என்றார். நான் போய் அரிசி களைந்தேன்.

உன் பழனியாண்டி மாமா, தன் தங்கச்சிக்காக, செத்துப்போன உன் அம்மாவுக்காகப் பேசுகிறாராம், கோயிலில் எல்லோரும் கேட்க, "படிச்ச பொம்பள, எதக் குடுக்கணும் எதக் குடுக்காம விடணும்னு தெரியாமயா இருக்கும்" என்றார். அப்பா பக்கத்திலேயே இருந்தார். குளிசையைத் துப்புவது தானேதான் என்று அவர் சொல்லவில்லை. இப்போது அந்தப் பக்கம் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். இதை உன் மாமாமேல் உனக்குக் கோபம் வரட்டும் என்று எழுதவில்லை, நான் சொன்னால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்குத்தான்.

ஆய்வுகூடத்தில் கையுறை போடாமல் எதையும் தொடாதே, அப்பா ஒரு காலமும் போட்டதில்லை. பரீட்சை என்று பட்டினி கிடக்காதே. பட்டம் வாங்கி நல்லபடி வந்து சேர், அம்மன் உன் கூடவே இருப்பாள், அந்தப் படத்துக்கு முன்னால் நின்று நானும் கேட்கிறேன்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். இந்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டு நீயே சொல். மருந்து இல்லை என்று சொல், நீ செய்வது மருந்தே இல்லை என்று சொல். இப்போதைக்கு என்று சொல்லாதே, பார்ப்போம் என்றும் சொல்லாதே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் துப்புவார். அன்பாகச் சொன்னால் நான் சொல்லிக்கொடுத்தது என்பார், அதனால் எரிந்து விழு. கொடுமைதான், எனக்குத் தெரியும். அவர் அழுவார், நீ போனை வைத்துவிடாதே. அழுது முடித்துத் தண்ணீர் கேட்பார். நான் குளிசையோடு பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
சுகிர்தா டீச்சர்