அந்தப் பாலத்தில் நடந்தவன்

காஜா பெராங், மலாக்கா

பாப்பாவின் அம்மாவுக்கு,

புக்கிட் ரம்பாயில் உன் அக்காள் வீட்டில் சுகமாக இருப்பாய். சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய அவசரத்தில் மாற்றுப்புடவையைக்கூட மறந்தவள், அந்த லிமெரிக் ஊர்ப் படத்தை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறாய்.

துரை வீட்டு ஆயாவாக அயர்லாந்துக்குப் போய் ஒரே ஒரு கோடைகாலம் அந்த ஊரில் இருந்தாய். ஆற்றங்கரைக் கோட்டை, பாலம், பாலத்து முனையில் பீடத்தில் ஏற்றிவைத்த, பழைய போரை முடித்துக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக்கல் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் காது புளித்துவிட்டது. அதையெல்லாம் சுற்றிக் காட்டிய தோட்டக்காரனைப் பற்றி மட்டும் நீ ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை. அந்த ஒரு வரிதான் என்னைக் குடைகிறது.

நம் ஊரிலும் ஆறு இருக்கிறது, கோட்டை இருக்கிறது என்று காட்ட நேற்றுப் பாப்பாவைக் கூட்டிப்போனேன். கோட்டை வாசலை அண்ணாந்து பார்த்து அளந்துகொண்டிருந்ததில், காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க மறந்துவிட்டேன். அறைந்தான். பாப்பா பார்த்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் அழுதாள். "அப்பா, அம்மா பாத்த கோட்டையிலயும் அடிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அங்க அடிக்க மாட்டாங்கம்மா" என்று உன் கதையை நானே சொன்னேன். கோட்டை, கல், ஒன்றையும் விடவில்லை. ஆனால் பாலத்தில் உன்னோடு நடந்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள்.

பொய் என்றால் நீயே வந்து அவளிடம் சொல். வரும்போது படத்தையும் கொண்டு வா, கேட்கிறாள்.

இன்னும் கோபம் தீராத,
பாப்பாவின் அப்பா